மாமாவை வேண்டாம் என்ற ரீச்சர்

என் மாமாவுக்குப் பெண் பேசியபோது எனக்கு எட்டு வயது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. அவர் எங்கே பாடினாலும் நிலாவெளியிலிருந்து ஒருவர் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். அவரை நான் மிருதங்க மாமா என்று கூப்பிடுவேன். கச்சேரி இல்லாத நாட்களிலும் அவர் வருவார். அப்போது மிருதங்கம் வராது.

பெண் ஒரு நடன ரீச்சர். சங்கீதம் தெரிந்த குடும்பம் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. “எனக்கு ஏலாது அக்கா” என்று மாமா ஒரு கிழமையாகச் சொல்லிப் பார்த்தார். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். சோறு இறங்காமல் வாடிப்போனார். அம்மா விடவில்லை. பெண் வீட்டார் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார்கள், மிருதங்கம் இல்லாவிட்டால் பாட்டு எடுபடாது என்று மிருதங்க மாமாவையும் அம்மாவே போன் பண்ணி வரச்சொன்னார். பெண் பார்க்கப் போகிற வேனில் மிருதங்கத்தையும் ஏற்றிய ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெண் வீட்டில் மாமா முருகன் மேல் ஒரு பதம் பாடினார். அவனை எப்படியாவது அழைத்து வா என்று காதலி தோழியிடம் கெஞ்சுகிற பாட்டு. ஆண் பாடினாலும் பெண்ணாகித்தான் உருக வேண்டும். சபையில் யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை. எதிரே கதிரையில் பெண் இருக்க, மாமா பக்கத்தில் இருந்த மிருதங்க மாமாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. தாளத்துக்காகப் பார்க்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பெண்ணின் தகப்பன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

பிறகு மாமாவும் பெண்ணும் தனியாகக் கதைக்கட்டும் என்று முற்றத்துக்கு அனுப்பினார்கள். தனியாக என்றால், கூட ஒரு சின்னப்பிள்ளை போக வேண்டும். நான் பயற்றம் பணியாரத்தோடு போனேன்.

“நான் பிள்ளையளுக்குப் பதத்துக்கு அபிநயம் பழக்கிறனான்” என்றார் ரீச்சர். “நீங்கள் ஆரை நினைச்சுப் பாடினீங்கள் எண்டு எனக்கு விளங்கீட்டுது.”

மாமாவின் முகம் வெளிறிப்போனது.

“பயப்படாதேங்கோ. ஆருக்கும் சொல்லமாட்டன். வேண்டாம் எண்டு நானே சொல்லிவிடுறன். பழி எனக்கே வரட்டும்.”

மாமா லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை எந்நேரமும் பாட்டும் கையுமாக இருப்பார் போல, தனக்குச் சரிவராது என்று ரீச்சர் உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். வீட்டிலே சலங்கை கட்டி ஆடுகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று அம்மாவுக்கு ஆத்திரம். எனக்கும்தான். எங்கள் மாமாவையா வேண்டாம் என்பது! மாமாவோ வேனில் பாடிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். கவலையை மறைக்கிறார் என்று நினைத்து என் பங்கு அப்பளத்தையும் அவருக்குக் கொடுத்தேன்.

மாமா இப்போது நிலாவெளியில், மிருதங்க மாமாவோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அந்த ரீச்சர் மட்டும் அன்று தலையாட்டியிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பயம் வருகிறது, பிறகு பெரிய ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் அன்று பின்னேரம் அம்மா விளக்கேற்றியதும் நான் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அந்த ரீச்சரைவிட வடிவான பொம்பிளை ஒருத்தியை, வருகிற தைக்குள் மாமாவுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று சத்தமாகக் கும்பிட்டேன். பின்னால் நின்ற மாமா பதறிப்போய்க் கையெடுத்தார்.

“முருகா, இவள் கேக்கிறதைக் குடுத்துப்போடாதை!”

மிருதங்க மாமா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு வடிவான பொம்பிளை தனக்கு எதற்கு என்று மாமா அடக்கமாகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.