ஷாலினியிடம் சொல்லாத அறுபத்தேழு நாள்

என் தங்கை கோமதியும் அவள் மகள் ஷாலினியும் இப்போது திலக் நகரில் குடியிருக்கிறார்கள். தாராவியில், முன்பு அவர்களும் இருந்த அதே சந்தில் இருக்கும் என்னோடு பேச்சில்லை. ஏன் என்று நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுப் பேராச்சி சொன்னால் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும்.

ஷாலினி ஸ்பெயினுக்குப் போய் ஸ்பானிஷ் படிக்கப்போகிறேன் என்றபோது முதலில் கத்தியவன் நான்தான். "ஏட்டி, இங்க இல்லாத படிப்பா அங்க கொட்டிக் கிடக்கு?" என்றேன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி. தமிழ்க் கல்யாணப் பத்திரிகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளுக்கு ஸ்பானிஷ் ஒரு கேடா என்று எரிச்சலாக வந்தது.

அவள் மாட்டுங்காவில் பி.காம். முடித்து, செம்பூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தாள். ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு அங்கே தனி அறை. அந்த அறையிலிருந்து எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்குமாம். அங்கே போய் உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இரண்டு வருடம் லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டே செல்போனில் பாடம் கேட்டுப் படித்தாள். ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தது. சலமான்கா என்ற ஊரில் பத்து மாதப் படிப்பு.

அவள் அப்பா கணேசபாண்டியன், டிராம்பேயில் ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். நான் நூறு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுகிற மனிதர். அன்றைக்கு மட்டும், "மச்சான், புள்ள போவட்டும். நீங்க குறுக்க நிக்காதீய" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு வீடியோ காலில் வருவாள். மத்தியானம் ஆனால் கடையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள், ராத்திரிச் சோறு பத்து மணிக்குத்தான் என்று ஒரே கதைதான். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி பிலார் முதல் நாளே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாளாம். "கூச்சமா இருந்துச்சு மாமா. இப்ப நானே குடுக்கேன்" என்று சிரிப்பாள். பிலாருக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள். பிலார் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய இன்னொரு கிளாஸ் கேட்டாளாம். கணேசபாண்டியன் எதுவும் கேட்கமாட்டார். போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எட்டாவது மாதம் அவர் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ஷாலினிகிட்ட சொல்லிராதீய. படிப்ப விட்டுட்டு ஓடியாந்துருவா" என்றார். சீக்கைப் பற்றித்தான் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது. அவர் சொன்னதைச் சாவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டவன் நான்.

"அண்ணே, அவளுக்குச் சொல்லணும்ணே. ஒத்தப் புள்ள. அப்பன் மொகத்தப் பாக்காண்டாமா?" என்று கோமதி காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான் கெடக்கு. வந்து என்ன செய்யப்போறா? கொள்ளியா வைக்கப்போறா?" என்றேன்.

அதற்கு முந்தின வருடம் பேராச்சியின் புருஷன் செத்தபோது, துபாயிலிருந்து மகன் வரவேண்டும் என்று இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அதையும் முன்னின்று நடத்தியவன் நான்தான். மாப்பிள்ளை கணேசபாண்டியனை மட்டும் அன்றைக்கே மாலை நாலு மணிக்குள் தூக்கிவிட்டோம். என் மகன் சுதன் கொள்ளி வைத்தான். சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். வீடு வீடாகப் போய், யாரும் செல்போனில் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று அதட்டிவிட்டு வந்தேன். பெரிய காரியம் சாதித்த நினைப்பு எனக்கு.

அதுவரை வந்த ஞாயிறுகளில் நெட் கிடைக்கவில்லை என்று மெசேஜ் போட்டுச் சமாளித்தேன். பதினாறாம் நாள் கோமதியின் தாலியைக் கழற்றி வாங்கினார்கள். அடுத்து வந்த ஞாயிறு மூன்றரை மணிக்கு, "பொட்டு வை. பூ வை. சேலையக் கழுத்து வரைக்கும் இழுத்துக்க" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வைத்துக்கொண்டாள். "அப்பா எங்கம்மா?" என்று ஷாலினி போனில் கேட்டபோது, "டிராம்பேல ஷட்டவுன் வேல, ஆலைய நிறுத்திப்போட்டு ரிப்பேரு. ராப்பகலா அங்கதான். உள்ள போன் விடமாட்டான்" என்று நான் சொல்லிக்கொடுத்ததைக் கோமதி சொன்னாள். பேசி முடித்ததும் முந்தானையால் பொட்டைத் தானே அழித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் இதேதான். மூன்றாவது வாரத்திலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன்.

அறுபத்தேழாம் நாள் ஏர்போர்ட்டுக்கு நான்தான் போனேன். வெளியே வந்தவள் எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். டாக்ஸியில் வைத்துச் சொன்னேன். அழவில்லை. வீட்டுக்குள் வந்து, மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். வெறும் நெற்றியோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்குச் சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் ஷாலினி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். நான் முந்திக்கொண்டு, "எல்லாம் உன் படிப்புக்காகத்தாம்மா. ஒங்கப்பா ஆசப்பட்டது" என்றேன்.

"பேச்சுப் பரீட்சைல டீச்சர் கேட்டாங்க மாமா, ஊருக்குப் போனதும் முதல்ல என்ன நடக்கும்னு. எங்கப்பா ஏர்போர்ட்டுக்கு வருவாரு, சட்டைப் பட்டன கழுத்து வரைக்கும் போட்டுட்டு நிப்பாரு, என் பேக்க யாருகிட்டயும் குடுக்கமாட்டாருன்னு பத்து நிமிஷம் பேசினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப அவரு செத்து ரெண்டு மாசம். அதுக்கு எனக்கு ஃபுல் மார்க்."

படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் கேட்டாள்.

"பேராச்சி அத்தை வீட்டு அண்ணன் வரணும்னு ரெண்டு நாள் ஐஸ் பெட்டில வெச்சிருந்தீங்கல்ல? சச் போலோ மாமா, உண்மையச் சொல்லுங்க. நான் பையனா இருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பீங்களா?"

அத்தனை நாள் வாய் கூசாமல் பொய் சொன்னவன் நான். அன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் வரவில்லை.

"பண்ணிருப்பேன்" என்றேன்.