ஆடாத கமரா

கொடிகாமத்தில் ஒரு கலியாண வீட்டில் நான் எடுத்த வீடியோவில் தாலி ஆடியது. மாப்பிள்ளையின் கை நடுங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். நடுங்குகிற மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கணினியில் மறுபடி ஓடவிட்டபோது குத்துவிளக்கும் ஐயரும் மணவறைத் தூணும் சேர்ந்தே ஆடினார்கள்.

மண்டபத்துத் தரை சரியில்லை என்றேன். மேளக்காரருக்குப் பக்கத்தில் நின்றதால் அதிர்ந்திருக்கும் என்றேன். கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் பாய்கிற சனம் இடித்திருக்கும் என்று, வீட்டுக்குள் இருந்தபடி ஊரையே திட்டித் தீர்த்தேன். பிறகு வலக்கையை மேசையில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலும் அடுத்த விரலும் என்னைக் கேட்காமல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. நடுக்கவாதம். சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் விழுகிறது என்று அவர் கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நான் கலியாண வீடுகளை நம்பித்தான் சீவிக்கிறேன். கை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. வைத்தியரிடம் போயிருக்க வேண்டும். போனால் அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் கமராக் கடைக்குப் போனேன்.

யாழ்ப்பாணம் டவுனில் கடை வைத்திருப்பவர் என்னோடு நெடுநாள் பழக்கம். பழைய தோள் கமராவை மாற்றப்போகிறேன் என்றதும் இரண்டு புதுக் கமராக்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் பெருமையையும் பாடத் தொடங்கினார். நான் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டேன்.

"அண்ணை, எல்லாரும் இருட்டிலை எப்பிடி எடுக்கும், வெக்கைக்கு நிண்டுபோகுமோ எண்டு கேப்பினம். நீங்கள் என்ன, ஆடுமோ ஆடுமோ எண்டுறியள்?"

"வயசு போகுதெல்லே" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. இரண்டையும் கொண்டுபோய் ஒரு கலியாணத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் சோதனை வீட்டு முற்றத்தில் நடந்தது. கலியாணத்தில் ஆலாத்தி எடுக்கிற பெண்களைப் போல, விளக்கேற்றிய தட்டோடு கிணற்றடியிலிருந்து நடந்து வரும்படி மனைவியிடம் சொன்னேன்.

"அயலட்டை பாத்தால் உங்களுக்கு விசர் எண்டு சொல்லப்போகுது" என்று முணுமுணுத்தபடி நடந்து வந்தாள்.

பெரிய கமரா நல்ல சாமான்தான். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாது. இரண்டு அட்டைகளில் ஒரே நேரத்தில் பதியும், ஒன்று பழுதானாலும் மற்றதில் கலியாணம் தப்பும். தூரத்தில் நிற்கிறவரின் சட்டைப் பொத்தானையும் கிட்ட இழுத்துக் காட்டும். ஸ்டாண்டில் வைத்தால் அதை வெல்ல ஆளில்லை. ஆனால் கையில் பிடித்து எடுத்ததில் ஆலாத்தி விளக்கு சன்னதம் வந்தது போல ஆடியது. சின்னக் கமரா வெயிலில் சூடாகி நின்றுவிடும், பற்றரியைத் தண்ணீராய்க் குடிக்கும். இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று என் ஆட்டத்தை விழுங்கிவிடுகிறது. விளக்கு நேராக வந்தது. ஒற்றைக் கையால் எடுத்தேன், அப்போதும் நேராகவே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஒருவருக்கும் தெரியவராது.

அடுத்த கிழமை மானிப்பாயில் என் பெரியம்மாவின் பேத்திக்குக் கலியாணம். சொந்தத்தில் பாதி வெளிநாட்டில் என்பதால் லைவ் கட்டாயம். நீண்ட நேரம் நிற்காமல் ஓட வேண்டியதால், லைவுக்குப் பெரிய கமராவை மணவறைக்கு நேரே ஸ்டாண்டில் பூட்டி, எப்போதும் என்னோடு வேலைக்கு வருகிற மனைவியை அதனருகே இருத்தினேன். சின்னதை நான் கையில் எடுத்துக்கொண்டு மணவறையடிக்குப் போனேன்.

தாலித்தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் பெற்று வந்தது. கெட்டிமேளம் எழும்பியதும் என் கை துள்ளத் தொடங்கியது. முன்பு ஒருநாளும் அப்படித் துள்ளியதில்லை. முழங்கை வரைக்கும் உணர்ந்தேன். கமராத் திரையிலோ தாலி ஒட்டிவைத்தது போல அசையாமல் நின்றது. என் கை எனக்குச் சொல்வதைத் திரை இல்லையென்கிறது. எதை நம்புவது என்று தெரியாத பயம் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தேன். கட்டி முடிந்தது. பெண்ணின் தகப்பன் திரையை எட்டிப் பார்த்து, படம் திறமாய் வந்திருக்கிறது என்று தோளில் தட்டினார்.

அடுத்த நாள் பின்னேரம், எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க இரண்டு கமராக்களின் படத்தையும் மனைவியோடு இருந்து பார்த்தேன். சின்னதில் ஒரு குறையும் இல்லை. பிறகு பெரியதை ஓடவிட்டேன். மணவறை, ஓமப்புகை, எழுந்து நிற்கிற சனம், ஓரத்தில் முதுகைக் காட்டியபடி நான். என் வலக்கை அடித்துக்கொண்டிருந்தது. தலையும் இலேசாக ஆடியது, அது எனக்கே தெரியாத செய்தி. முன்வரிசைப் பெண்கள் தாலியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்துக் காட்டுகிறாள். பெரிய கமரா அவ்வளவையும் அச்சொட்டாகப் பதிந்திருந்தது.

"நேற்றே கண்டனான்" என்றாள் மனைவி. "கமராவைத் திருப்பினால் தாலியும் போயிடும். அதாலை விட்டனான்."

"இது லைவிலையும் போயிட்டுதோ?"

"ஓம்."

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணை வீடியோவில் அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. லைவ் பார்த்திருந்தும் கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, வலக்கையிலை மட்டுமோ?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "இப்போதைக்கு ஓம்" என்றேன்.

"எனக்கு இடக்கையிலை. போன மாரியிலை தொடங்கினது. உன்ரை அண்ணிக்கும் இன்னும் சொல்லேல்லை."

கொஞ்சக் காலமாக அண்ணை போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டுத்தான் கதைக்கிறார். சமையலோ வேறு வேலையோ என்று நினைத்திருந்தேன். "இஞ்சை பார்" என்று சொல்லி இடக்கையால் போனைத் தூக்கினார். அவருடைய முகமும் பின்னால் இருந்த யன்னலும் சேர்ந்து ஆடத் தொடங்கின. எனக்குப் பார்க்க முடியவில்லை. "காணும் அண்ணை, போதும், கீழை வையுங்கோ" என்றேன்.

அவர் வைக்கவில்லை.