மாப்பிள்ளை நாற்காலி

சித்தப்பாவைப் பற்றிக் குறும்படம் எடுக்கலாம் என்ற யோசனை, அவருடைய கல்யாண விருந்து வீடியோவைக் கணினியில் ஓடவிட்டபோதுதான் தட்டியது. ஒரே மனிதர், கீபோர்டு, சாக்ஸபோன், புல்லாங்குழல், தபேலா! பரபரவென்று முதல் காட்சியைக்கூட எழுதிவிட்டேன். பிறகுதான் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. மணமேடையில் சித்தி தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஆளில்லை, மாலை மட்டும். கொஞ்ச நேரத்தில் அதில் ஏறி உட்காரும் பட்டுப்பாவாடைச் சிறுமி நான்தான்.

சித்தப்பா ஈப்போ நகரில் ஓர் இசைக்குழுவில் இருந்தார். ஆனால் தாப்பா ஊரில் ஒரு தபேலாக்காரருக்குக் காய்ச்சல் என்றாலும், சித்தியவான் ஊரில் ஒரு கீபோர்டுகாரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாலும், "அவனக் கூப்புடு, எதக் குடுத்தாலும் வாசிப்பான்" என்பார்கள். இவரும் கிளம்பிவிடுவார். எல்லாம் தெரிந்தவருக்குத் தனக்கென்று ஓர் இடம் இல்லாமலே போயிற்று.

அவருடைய கல்யாண விருந்தில் வாசிப்பது குழுவின் பரிசு. மண்டபம் நிறைந்து, ஒலிபெருக்கியெல்லாம் சரிபார்த்த பிறகுதான் குழுத் தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"கீபோர்டு யாருலா?"

"நம்மாளுதான் அண்ணே, எப்பவும் போல."

"அலாமாக்! அவன்தான்லா மாப்பிள்ளை!"

அதுவரை ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. மைக்கில் கேட்டுவிட்டதால் மண்டபமே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தபடி எழுந்தார். "ரெண்டே பாட்டு, வாரேன்" என்று சித்தியிடம் சொன்னார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கோட்டு சூட்டோடு போய்க் கீபோர்டின் முன் நின்றார்.

இரண்டு பாட்டு நாலாயிற்று. சாக்ஸபோனை எடுத்ததும் விசில் பறந்தது. உறவினர்கள் மேடையேறி, சித்தியோடும் அந்த மாலையோடும் படம் எடுத்துக்கொண்டார்கள். "மாலைய மட்டும் கொஞ்சம் நேரா வைங்கக்கா" என்று படக்காரர் திருத்தினார். எல்லோருக்கும் அது நல்ல வேடிக்கை.

சித்தி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மாலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னை அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்தார். மாப்பிள்ளை நாற்காலி! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தப் பாட்டு முடிஞ்சதும் வந்துருவாருல்ல?" என்று என் காதருகே கேட்டார்.

"இல்ல சித்தி, இன்னும் நெறைய இருக்கு! புல்லாங்குழல இன்னும் எடுக்கவே இல்ல!"

மருதாணிக் கை என் விரல்களை வலிக்கும்படி இறுக்கியது. சித்திக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிடி எதற்கென்று ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வந்த சனி ஞாயிறுகளெல்லாம் அப்படித்தான் போயின. வயிற்றில் இருந்த குழந்தை தங்காமல் போன அன்றும், யாருக்கோ பதிலாக எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. சித்தி, ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் தோட்டத்தை ஒட்டியிருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

பிறகு சித்தப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்தது. முன்பற்கள் விழுந்ததும் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் போயின. விரல்கள் மரத்ததும் மற்ற இரண்டும் போயின. போன வருஷம் இடது பாதத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரம், நாள் முழுக்க நாற்காலியில்தான் இருக்கிறார். யாரும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை.

குறும்படத்தை ஓரங்கட்டிவிட்டுச் சித்திக்குப் போன் செய்தேன். சித்தப்பாவை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "அவருக்கு எங்கயாச்சும் வாசிக்கிற வேலை இருக்கும்லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சித்தப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

"பல்லும் போச்சு, வெரலும் போச்சு. அங்க போயி நான் என்னத்தமா வாசிக்கிறது?"

"ஒண்ணும் வாசிக்க வேணாம் சித்தப்பா. சும்மா சித்தி பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவோம்."

கேள்விப்படாத வாத்தியம் ஒன்றின் பெயரைச் சொன்னதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமைப் பயணத்துக்குக் காரில் எண்ணெய் நிரப்பி வைத்துவிட்டேன். வாசல் கேட்டைச் சித்தி திறப்பாரா என்பது தெரியாது.