கீழே நின்று ஆடிய சிலம்பம்

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. வெள்ளைக்காரன் காலம். பூந்தமல்லிக்கு மேற்கே எங்கள் ஊரில் அம்மன் திருவிழா முடிந்த மறுநாள் சிலம்பப் போட்டி வைப்பார்கள். ஏரிக்கரையோரம் மார்பளவு உயரத்துக்குப் பலகை மேடை. கம்பு நுனியில் எண்ணெயில் குழைத்த கரியைத் தடவிக்கொண்டு இருவர் ஆடுவார்கள். எதிராளி உடம்பில் முதலில் மூன்று கரிப்பொட்டு வைத்தவன் ஜெயித்தவன். அவனுக்கு ஊர்ப் பெரியவர் மேடையிலேயே தலைப்பாகை கட்டுவார்.

அந்த மேடையைக் கட்டுவது சேரிக்காரர்களான நாங்கள். குழி தோண்டி, கால் நட்டு, மேலே ஏறிப் பலகையை இறுக்கிக் கட்டுவோம். கட்டி முடித்ததும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் கால் அதில் படக்கூடாதாம்! எந்த ஊர் நியாயமய்யா இது?

என் அண்ணன் சூளையில் செங்கல் அறுப்பவன். அவன் கம்பைக் கையில் எடுத்தால் சுற்றுவட்டாரத்தில் எதிரே நிற்க ஆளில்லை. ஆனால் நாங்கள் எங்களுக்குள்ளேயே, கீழே புழுதியில்தான் ஆட வேண்டும். ஒரு தடவையாவது அந்த மேடையில் நின்று தலைப்பாகை கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு வெறி.

அந்த வருஷம் மேடையில் எல்லாரையும் ஜெயித்தவன் மிராசுதார் மகன். வழக்கப்படி, "இன்னும் எவனாவது கீறானா?" என்று மூன்று தரம் கேட்டான். எவனும் வரமாட்டான் என்ற தைரியம்தான்.

"நான் கீறேன்" என்று அண்ணன் போய் நின்றான்.

பெரியவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள்: "அவன் மேல நின்னு ஆடட்டும். நீ கீழ நின்னுகினு ஆடு."

சீ, வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! மேலே நிற்பவன் கம்பு நேராக மண்டையில் இறங்கும். அண்ணன் அதற்கும் ஒப்புக்கொண்டான். தோளில் ஒரு பொட்டு வாங்கினான். நெற்றியில் வாங்கிய பொட்டில் ரத்தமும் சேர்ந்து வழிந்தது. அவன் வைத்த இரண்டும் எதிராளியின் கணுக்காலில். மூன்றாவதை மண்டையில் இறக்க அந்த மகராசன் குனிந்தான் பாருங்கள், அண்ணன் நெஞ்சுக்குழியில் வைத்தான் பொட்டை. தீர்ந்தது.

பெரியவர் தலைப்பாகைத் துணியைச் சுருட்டி மேலேயிருந்து வீசினார். அண்ணன் கை நீட்டவில்லை. துணி புழுதியில் விழுந்தது.

"ஏறி வந்து கட்டிக்கிறேன் ஆண்டே. அதான வழக்கம்."

"இன்னாடா, திமிரா?" என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "டேய், போட்டி முடிஞ்சிப்போச்சு. மேடையைப் பிரிங்கடா!"

அவர்கள் எல்லாரும் இறங்கி ஒதுங்கினார்கள். பிரிக்கச் சொல்லிவிட்டால் மட்டும் எங்கள் கால் படலாம் போலிருக்கிறது. கடைசி ஆள் இறங்கியதுதான் தாமதம், நான் மேலே ஏறிவிட்டேன். கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன் நான், ஓர் அதட்டலுக்கு அப்படி ஓடினேன். தூ! குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். அண்ணன் ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெரிய மனிதர்களை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். ஆனால் அண்ணன் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னைத்தான் கேட்டான்.

"மேலதான நின்னுகினு இருந்த? ஒரு தாட்டி, 'அண்ணாத்தே, ஏறி வா'ன்னு கூப்ட்டியாடா?"