கமிட்டிக்காகத் திறந்த கதவு

பம்மல் வீட்டிலிருந்து தாம்பரத்துக் கல்லூரிக்குக் கிளம்பும்போது சத்யபிரியாவின் அம்மா தினமும் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். சாயங்காலம் அது அப்படியே வீடு திரும்பும். அவள் வகுப்பில் எந்தப் பெண்ணின் பாட்டிலும் காலியாகிப் பார்த்ததில்லை. குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது? கீழ்த்தளத்துக் கழிப்பறையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாலும் குமட்டும். தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது, ஈக்கு மட்டும் குறைச்சலில்லை.

மாடியில் புதிதாக ஒன்று கட்டி, கல்வெட்டு பதித்து, ரிப்பன் வெட்டி, கையோடு பூட்டியும் வைத்துவிட்டார்கள். மகளிர் தினத்தன்று அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னாலேயே பெண்களை உட்காரவைத்து, 'பெண்மையைப் போற்றுவோம்' என்று ரங்கோலி போட வைத்தார்கள் பாருங்கள், சீ! கையில் நீலப் பொடியோடு சத்யபிரியா அடிவயிற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்போனைத் திறந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் பெண்களைப் போற்றிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருத்தராவது கீழே வந்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் தேவலை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படி அடக்கி அடக்கித்தான் அவள் தோழி இரம், சிறுநீரில் கிருமி தொற்றி, குளிரும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து வருவதற்குள் அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. கடைசி செமஸ்டர் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு சத்யபிரியா துறைத்தலைவர் ஸ்ரீநிவாசராகவனிடம் போனாள்.

அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் கமிட்டி வருதும்மா, நம்ம காலேஜுக்குத் தரம் போடறதுக்கு. நீ நல்லா இங்கிலீஷ் பேசுவ. ஸ்டூடண்ட்ஸ் சார்பா நீதான் பேசணும். கரெக்டா பேசிடு, உன் ஃப்ரெண்ட் விஷயத்தை நான் பார்த்துக்கறேன்."

"எக்ஸாம் எழுத விடுவீங்களா சார்?"

"முதல்ல நீ பேசும்மா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் எழுந்து வந்தாள்.

கமிட்டி வந்த அன்று கல்லூரியே அடையாளம் தெரியவில்லை. வாடகைப் பூந்தொட்டிகள் வரிசைகட்டி நின்றன. வளாகத்து நாய்களை எங்கே விரட்டினார்களோ, ஒன்றையும் காணோம். மாடிக் கழிப்பறைக்குள் சோப்பு, வெள்ளைத் துண்டு, போதாததற்கு ஒரு ரோஜாப்பூ வேறு! வாசலில் அலுவலக உதவியாளர் ரத்தினம் காவலுக்கு நின்றார். ஆசையாக எட்டிப்பார்த்த முதலாண்டுப் பெண்களை, "ஏ பாப்பா, அவங்கோ வந்துட்டுப் போற வரிக்கும் யாரும் உள்ள போவக் கூடாது. அழுக்காயிடும்னு சாரு சொல்லிக்கீறாரு" என்று துரத்தினார்.

கமிட்டியில் வந்த அம்மையார் கைகழுவிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற சத்யபிரியாவிடம், இது எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பின்னால் துறைத்தலைவர் புருவத்தை உயர்த்தினார். கல்லூரி ஏற்பாடு செய்த வீடியோக்காரர் கேமராவை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினார். உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. கூடவே, இரம் ஒரு வருஷம் வீட்டில் முடங்குவதும் கண்முன் வந்தது.

"எப்போதும் திறந்தே இருக்கும் மேடம். ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று அவள் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தூ, இதுவும் ஒரு வாயா என்று தன்மீதே அருவருப்பாக இருந்தது.

ஸ்ரீநிவாசராகவன் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். இரம் வகுப்புக்குத் திரும்பினாள். நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் பெரிய பாட்டிலாகக் கொண்டுவந்து, முதல் பீரியடிலேயே மடக் மடக்கென்று பாதியைக் குடித்தாள். இடைவேளையில் இருவரும் மாடிக்கு ஏறினார்கள். பழைய பூட்டு பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் போன ரத்தினத்தை நிறுத்தி சத்யபிரியா சாவி கேட்டாள்.

"சாவி சாராண்ட கீது. கமிட்டிதான் வந்துட்டுப் பூட்ச்சே, இன்னாத்துக்குத் தொறக்கணும்?"

"இவளுக்கு உடம்பு சரியில்லண்ணா. திறக்கலைன்னா நாங்க கமிட்டிக்கே எழுதுவோம்."

ரத்தினம் செல்போனை எடுத்து நீட்டினார். கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் சத்யபிரியாவின் முகம், எப்போதும் திறந்தே இருக்கும் என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா எழுதுவ? நீயே சொல்லிக்கீறியே. எத்தினி பேரு பாத்துக்கீறாங்கோ பாரு."

இரம் அதை முழுதும் பார்த்தாள்.

"எனக்காகவாடி சொன்ன?"

"வேற யாருக்காக?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி."

இரம் மீதித் தண்ணீரோடு பாட்டிலை இறுக்க மூடிப் பைக்குள் வைத்தாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிப் போனாள்.