ஆனி மாதத்து ஐம்பது கிலோ

அமாவாசை அண்ணனுக்கு உலகத்தில் எல்லாருடைய நாளும் தெரியும், தன் நாளைத் தவிர. சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கும். ஊரில் அவர் வயதுக்காரர்கள் பாதிப்பேருக்கு அதுதான் பிறந்தநாள். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி.

ரெட்டிபாளையம் சாலையில் இருந்த எடைமேடையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகளை அவர் மேடையில் சரியாக நிறுத்த வைப்பார். நான் கம்ப்யூட்டரில் எடை பார்த்துச் சீட்டு எடுப்பேன். தினமும் காலை ஏழு மணிக்கு அறை வாசலில் கிடக்கும் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவார். ‘இன்றைய நாளில்’ என்றுதான் தொடங்கும். முதலில் சரியாகச் சொல்கிற டிரைவருக்கு ஒரு டீ. முதல் உலகப்போருக்கு வித்திட்ட கொலை எந்த ஊரில் நடந்தது என்று ஒருமுறை கேட்டிருந்தார். பூவரசன் என்கிற டிரைவர், “எங்கூரு சந்தையிலதாண்ணே” என்றான். டீ கிடைக்கவில்லை. ஆனால் அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தார்.

எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான். “செத்துப்போன ராசா தேதி தெரிஞ்சா கல்லு எடை கூடவா போவுது?” என்று கேட்டேவிட்டேன்.

“ஒவ்வொரு நாளும் ஒலகத்துல என்னமோ நடந்திருக்கு பானு. நான் பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லத்தான் ஆளில்ல” என்றார். கேட்டிருக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அவர் அம்மா முத்தாயிக்கு விடியுமுன் வலி எடுத்திருக்கிறது. அப்பா குழந்தைவேல், காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவச்சியைக் கூப்பிடக் கிளம்பினார். நல்ல மழை, கும்மிருட்டு. மருத்துவச்சியும் வரவில்லை, போனவரும் வரவில்லை. பிள்ளை தானாகவே பிறந்தது. ஊர் நாலு நாள் தேடியது, ஐந்தாம் நாள் பேச ஆரம்பித்தது. எவளோடோ திருச்சிப் பக்கம் ஓடிவிட்டானாம். ‘பொறந்த அன்னைக்கே அப்பனை வெரட்டுன பய’ என்று பள்ளிக்கூடம் வரை அண்ணனைத் துரத்தியிருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முத்தாயி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, திவசம் கொடுக்கவும் விடவில்லை. “அவரு ஓடலடா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அது நிஜம்தானா என்று தெரியாமல் போய்ச் சேரக்கூடாது என்பதுதான் அண்ணனுடைய ஒரே வைராக்கியம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், 2021 ஜூலை ஒன்பதாம் தேதி. காலையில் லாரி எதுவும் வரவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து வடையில் கை வைத்தேன். ஆள் ஏறினாலும் இறங்கினாலும் மேடைத் தகடு ‘டங்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் யாரும் இல்லை. திரையில் சிவப்பாக ஐம்பது கிலோ.

பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பொத்தானை அழுத்தினேன். வந்தது. உடனே மறுபடி ஐம்பது. ஒரு ஆள் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றால் எண் லேசாக ஆடுமே, அப்படி ஆடியது. எனக்கு வடை இறங்கவில்லை. மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். “அடியில தூர்ந்துபோன பழைய கெணறு இருக்கு. மண்ணு எறங்குது, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் ஜூன் இருபத்தெட்டில் அதே ஐம்பது. அதற்கடுத்த வருடம் ஜூன் முழுக்க மேடையைப் பிரித்து வேலை நடந்தது. 2024 ஜூலை ஐந்தில் மறுபடியும். அண்ணன் மூன்று தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்தந்த நாளில் வரலாற்றில் என்ன நடந்தது என்று துருவினார். ஒன்றில் ஓர் இளவரசன் சுடப்பட்டான், இன்னொன்றில் குளோனிங் முறையில் ஆட்டின் நகல் பிறந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

2025 ஜூன் இருபத்தைந்து. இந்தியா எந்த மைதானத்தில் முதல் உலகக்கோப்பையை வென்றது என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நான் டப்பாவைத் திறந்தேன். வடை. எனக்குச் சுருக்கென்றது. அந்த மூன்று நாளும் என் டப்பாவில் வடைதான் இருந்தது. எங்கள் வீட்டில் அமாவாசைப் படையலுக்கு மட்டும்தான் வடை சுடுவோம். சுவரில் தினசரி காலண்டரைப் பார்த்தேன். தேதிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டம்.

“அண்ணே, நீங்க எந்த மாசத்து அமாவாசை?”

“ஆனி. ஏன் கேக்குற?”

சொல்லிவிட்டு, எழுதி வைத்திருந்த தேதிகளை எடுத்துப் பார்த்தார். மூன்றும் ஆனி மாதத்துத் தேதிகள். ஐம்பது வருடமாகத் தேதியைத் தேடிய மனிதர், திதியைத் தன் பெயராகவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

‘டங்.’

நான் திரையைப் பார்க்கவில்லை. அண்ணன்தான் பார்த்தார். “அம்மா சொல்லும் பானு, நான் பொறந்த அன்னைக்கு மழையில, அப்பா போன வழியில, இங்க வெட்டுன கெணறு கரை சரிஞ்சு மூடிருச்சுன்னு. ஊரே ரோட்டுல தேடுச்சு. கெணத்துல யாரும் தேடல” என்றார். குரல் சின்னப்பிள்ளை குரல் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சீட்டு ஒண்ணு எடு” என்றார். எடுத்தேன். வண்டி எண் இல்லை. ஆனி அமாவாசைத் தேதி, காலை ஏழு பத்து, ஐம்பது கிலோ. குழந்தைவேலுக்குப் போட்டோ எதுவும் கிடையாது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, அந்தச் சீட்டைத்தான் படத்துக்குப் பதிலாக வைத்தார். அதன்முன் ஒரு இலைத்துண்டில் என் வடை இரண்டு. அவர் நிற்கும்போது எடை நூற்றுப்பத்து காட்டியது. அதில் அண்ணனுடைய எடை அறுபதுதான்.

இறங்கி வந்து பலகையைத் துடைத்தார். ‘இன்றைய நாளில் மருத்துவச்சியைக் கூப்பிடப் போனவர் யார்?’ என்று எழுதினார்.

பூவரசன் லாரியை ஓரம்கட்டிவிட்டு வந்து படித்தான். தலையைச் சொறிந்தான். “எந்தப் பாடத்துல வருது? தெரியலண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“எங்கப்பா குழந்தைவேலு” என்றார் அமாவாசை அண்ணன், மேடையைப் பார்த்து உரக்க. “ஓடல.”

மேடையிலிருந்து ‘டங்’ என்று சத்தம் வந்தது. திரையில் பூஜ்யம்.