பேச்சுக்கு நடுவே ஒரு பாட்டு

ஓட்டின் மேல் சாரல் விழுந்துகொண்டிருக்கும். அதற்கு அடியில் இன்னொரு சாரல்போல அந்தத் தாளம் ஒரே சீராக விழும். பிறகு ஈரக் கண்ணாடியை யாரோ விரலால் மெதுவாகத் தேய்ப்பதுபோல ஓர் இசை எழும். அதற்கும் பிறகுதான் அந்த வெள்ளைக்காரன் அழுகையை அடக்கிக்கொண்டு பாடத் தொடங்குவான். வடகரையில் சாகுல் வீட்டு முன்னறையில் நான் அதைக் கேட்டது எண்பதுகளின் நடுவில் ஒரு சாரல் காலத்தில்.

சாகுலும் நானும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு அவன் செங்கோட்டைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனான். நான் அப்பாவோடு ஐந்தருவிக்கு நேந்திரங்காய் சிப்ஸ் போடப் போனேன். அவன் வாப்பா துபாயில் இருந்தார். அவரோடு அறையில் தங்கியிருந்த யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் கேசட் அது. கேட்டால் மகனுக்கு இங்கிலீஷ் வரும் என்று ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ‘டூ இன் ஒன்’ பெட்டியோடு கொடுத்தனுப்பியிருந்தார். அட்டையில் நீல வெளிச்சத்தில் பாதி முகம் மட்டும் தெரிய ஒருவன் நிற்பான். தபேலா, வயலின் எதுவும் கிடையாது, எல்லாச் சத்தமும் ஒரே மின்சாரப் பெட்டியிலிருந்து வருவது என்று சாகுல் சொன்னான்.

வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்ட நாட்களில் எனக்குக் கடை இல்லை. அவன் வீட்டுக்கு ஓடுவேன். கேசட்டைத் தொட விடமாட்டான். “எண்ணெக் கைலே. வழுக்கி விட்டுருவ,” என்பான். பாட்டுக்கு அர்த்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “அவ போயிட்டாளாம், இவன் கெடந்து அழுவுதான். ஒனக்குச் சொன்னாப் புரியாது,” என்பான். எனக்கு வயிறு எரியும். பெட்டி, பாட்டு, இங்கிலீஷ், கடல் தாண்டியிருந்தும் பேசுகிற வாப்பா, எல்லாம் அவனுக்கே. அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டில் கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற, போகிற ஆட்கள் கொண்டுசேர்ப்பார்கள். என் அப்பாவோ காலையிலிருந்து பக்கத்திலேயே நின்றும் பேசமாட்டார். கேசட்டில் மூன்றாவதாக வரும் அந்தப் பாட்டை நான் வார்த்தை இல்லாமல் முனகிக்கொண்டே காய் சீவுவேன். அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள், அடுத்த தெருக்காரர் மறுநாள் துபாய் கிளம்புகிறார் என்று தெரிந்தபோது சாகுல் வீட்டில் காலிக் கேசட் இல்லை. அவன் உம்மா அந்த நீலக் கேசட்டை எடுத்து, முதுகுப் பக்கத்து ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டித் திணித்தார். அப்படிச் செய்தால் பாட்டுக் கேசட்டிலும் பேச்சைப் பதியலாம்.

“உம்மா, அது பாட்டு,” என்று சாகுல் துடித்தான்.

“ஊளையிடுததுக்குப் பேரு பாட்டா? ஒங்க வாப்பா நம்ம பேச்சக் கேக்கட்டும்.”

எனக்கு உயிரான பாட்டுத்தான். ஆனாலும் இனி அது சாகுலுக்கும் இல்லை என்று உள்ளே குளிர்ந்தது.

உம்மா வீட்டுப் பாடெல்லாம் பேசினார். சாகுல் பரீட்சை மார்க்கைச் சொல்லி, இங்கிலீஷில் ஒரு பாடமும் ஒப்பித்தான். “ஏலே சங்கரா, நீயும் மாமாகிட்ட ரெண்டு வார்த்த பேசு,” என்று உம்மா பெட்டியை என் பக்கம் திருப்பினார். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. வந்தது மூன்றாவது பாட்டின் முனகல்தான். நிறுத்தவும் தெரியாமல் கடைசிவரை முனகினேன். சாகுல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

சாரல் ஓயும் சமயம் அதே கேசட் திரும்பி வந்தது. எங்கள் பேச்சின் மேலேயே வாப்பா பதில் பேசியிருந்தார். நடுவில் சடக்கென்று குரல் நின்றது. ஓட்டில் சாரல் விழும் சத்தம். அதோடு என் முனகல். அது முடிந்ததும் ஓர் இருமல், பிறகு மறுபடி வாப்பா: “இந்தப் பய பாடுனத மட்டும் அழிக்க மனசு வரல. படுக்கும்போது இதப் போட்டுத்தான் கேக்கேன். நம்ம ஊர்ச் சாரலும் சேந்துல்லா கேக்குது. யாரு புள்ள இவன்?”

சாகுல் பட்டனை அமுக்கி நிறுத்தினான். “எம்பேச்ச அழிச்சிட்டு ஒன் ஊளைய வச்சிருக்காவ,” என்று என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அவனை நான் பார்த்துவந்த பார்வை அது. அடுத்த சாரல்வரை அவன் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

இப்போது தென்காசியில் எனக்குச் சொந்தமாகச் சிப்ஸ் கடை. அந்தப் பாட்டை என் மகள் போனில் தேடி எடுத்துத் தந்தாள். அர்த்தமும் சொன்னாள், சாகுல் சொன்னது பாதி சரிதான். டூ இன் ஒன்னும் இல்லை, கேசட்டில் பேசுகிறவர்களும் இல்லை. சாகுலின் வாப்பாவும் போய்விட்டார். போன மாதம் சாகுல் கடைக்கு வந்தான்.

“அந்தக் கேசட்டு பூசணம் புடிச்சு ஒட்டிப்போச்சுலே. ஒண்ணும் தேறாதுன்னுட்டான் ரிப்பேர்க் கடக்காரன்.”

நான் போனில் பாட்டைப் போட்டேன். கொஞ்சம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். “இது வேண்டாம். நீ பாடுவெல்லா, அது.”

கடையில் ஆள் நின்றது. கூச்சமாக இருந்தது. சட்டியைப் பார்த்துக்கொண்டு மெல்ல முனகி முடித்தேன். சாகுல் கண்ணை மூடியபடி, “இந்தா, இப்ப வாப்பா இருமுவாவ,” என்றான்.

என் அப்பா சாகும்வரை இதே சட்டிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். அவர் எப்படி இருமுவார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. சாகுல் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது.